பூ சொன்ன தேதிக்கு வராது: சகுரா பார்க்க வரும் நண்பரை எப்படிக் கூட்டிப் போவது?

நீங்கள் கேட்டதன் சாரம் இது: வேலைக்காக டோக்கியோ வந்து ஒன்றரை வருடம் ஆகிறது. கூடப் படித்த நண்பர் மார்ச் கடைசியில் பத்து நாள் விடுப்பில் முதல்முறையாக ஜப்பான் வருகிறார். சகுரா, அதாவது செர்ரிப் பூ, பார்ப்பதுதான் அவருடைய ஆசை. ஆள் சைவம். டோக்கியோ, கியோட்டோ, ஃபூஜி மலை மூன்றையும் காட்டியாக வேண்டும். எங்கே, எந்த வரிசையில் கூட்டிப் போவது?

வரிசை போடுவதற்கு முன்னால் என் கதை ஒன்று. 2024 மார்ச்சில் கோவையிலிருந்து ஒரு நண்பன் வந்தான். அதற்கு முந்தைய வருடம் டோக்கியோவில் மார்ச் 14ஆம் தேதியே பூ விட்டிருந்தது. அதை மனதில் வைத்துக்கொண்டு, "இருபதாம் தேதி வாடா, உச்சத்தில் இருக்கும்" என்று நான்தான் அடித்துச் சொன்னேன். வந்தான். அந்த மார்ச் முழுக்கக் குளிர். ஊர் முழுக்க மொட்டு. தினமும் காலையில் இருவரும் ஏதாவது ஒரு மரத்தடியில் நின்று அண்ணாந்து பார்ப்போம், பிறகு போய் காபி குடிப்போம். 28ஆம் தேதி அவன் விமானம் ஏறினான். 29ஆம் தேதி டோக்கியோவில் சகுரா மலர்ந்ததாக அறிவிப்பு வந்தது. படம் எடுத்து அனுப்பினேன். "நல்லா இருடா" என்று மட்டும் பதில் வந்தது.

அடுத்தடுத்த இரண்டு வருடங்களுக்குள் பதினைந்து நாள் வித்தியாசம். ஆகவே நான் முதலில் சொல்வது: எந்த நாளில் எந்த இடம் என்று இப்போதே எழுதி வைக்காதீர்கள். தங்கும் ஊர்களை மட்டும் முடிவு செய்யுங்கள். அந்தந்த ஊரில் எந்த மரத்தடிக்குப் போவது என்பதை முந்தின நாள் ராத்திரி முடிவு செய்யுங்கள். இங்கே குடியிருக்கும் உங்களால் அது முடியும், சுற்றுலாக் குழுவில் வருபவரால் முடியாது. நண்பர் உங்களை நம்பி வருவதன் பலனே அதுதான்.

பூ எப்போது வரும் என்பதை எப்படித் தெரிந்துகொள்வது? நாம் சகுரா என்று பார்ப்பதில் மிகப் பெரும்பகுதி 'சொமெய் யோஷினோ' என்ற ஒரே ரகம். ஷோகுன்கள் ஆண்ட எடோ காலத்தின் கடைசியில், அதாவது பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில், இன்றைய டோக்கியோவின் கொமாகொமே பக்கத்தில் இருந்த சொமெய் கிராமத்துத் தோட்டக்காரர்கள் விற்ற மரம் அது. விதையிலிருந்து அதே குணத்தோடு வராது. ஒட்டுக்கட்டித்தான் பெருக்க வேண்டும். நம்மூர் ஒட்டு மாங்கன்று போல என்று நண்பரிடம் சொன்னால் உடனே புரியும். அதாவது நாடு முழுக்க நிற்கும் சொமெய் யோஷினோ எல்லாம் மரபணுவில் ஒரே மரம். அதனால்தான் ஒரு தெருவில் உள்ள நூறு மரமும் சொல்லி வைத்தது போல ஒன்றாகப் பூக்கின்றன, ஒன்றாக உதிர்கின்றன. இலை வருவதற்கு முன்பே பூ வந்துவிடுவதும் இந்த ரகத்தின் குணம். வெறும் கிளை ஒரே வாரத்தில் மேகமாகி விடுவது போலத் தெரிவது அதனால்தான்.

ஒன்றாகப் பூப்பதால் கணிக்கவும் முடிகிறது. குளிர்காலத்தில் நன்றாகக் குளிர் பட்டால்தான் மொட்டு உறக்கம் கலையும். பிறகு வெயில் சேரச் சேர விரியும். பிப்ரவரி 1 முதல் ஒவ்வொரு நாளின் அதிகபட்ச வெப்பநிலையையும் கூட்டிக்கொண்டே வந்தால் 600 டிகிரியைத் தொடும் சமயத்தில் பூக்கும் என்று ஒரு தோராயக் கணக்கு இங்கே பிரபலம். ஜப்பான் வானிலை ஆய்வு மையம் 2010 முதல் முன்கணிப்பு சொல்வதை நிறுத்திவிட்டது. இப்போது தனியார் வானிலை நிறுவனங்கள்தான் ஜனவரியிலிருந்தே தேதி சொல்லி, அடிக்கடி திருத்திக்கொண்டே வருகின்றன. வானிலை மையம் செய்வது அவதானிப்பு மட்டும். டோக்கியோவுக்கு யாசுகுனி கோயில் வளாகத்தில் ஒரு மாதிரி மரம் இருக்கிறது. அதில் ஐந்தாறு பூ விரிந்தால் 'கைக்கா', அதாவது மலர்ந்தது என்று அறிவிப்பு. அதிகாரி ஒருவர் வந்து அண்ணாந்து எண்ணுவதை டிவி கேமராக்கள் சுற்றி நின்று நேரலையில் காட்டும். எண்பது சதவீதத்துக்கு மேல் விரிந்தால் 'மான்கை', முழு மலர்ச்சி. 1991 முதல் 2020 வரையிலான சராசரிப்படி டோக்கியோவில் மலர்வது மார்ச் 24, முழு மலர்ச்சி மார்ச் 31. கியோட்டோவில் மார்ச் 26, ஏப்ரல் 4.

இடங்களின் பூ நிலவரம் போடும் பக்கங்களில் மூன்றில் பூத்தது, ஐந்தில் பூத்தது, ஏழில் பூத்தது என்று பத்துக்கு இத்தனை என்ற கணக்கில் எழுதியிருப்பார்கள். என்னைக் கேட்டால் ஏழுக்கு மேல் போதும், முழு மலர்ச்சிக்காகக் காத்திருக்க வேண்டாம். மலர்ந்த பிறகு முழு மலர்ச்சிக்குக் கிட்டத்தட்ட ஒரு வாரம், அதற்குப் பிறகு இன்னொரு வாரம் தாங்கினால் அதிர்ஷ்டம். நடுவில் ஒரு நாள் காற்றோடு மழை அடித்தால் கதை முடிந்தது.

இன்னொரு விஷயத்தில் நண்பரை முன்கூட்டியே தயார் செய்யுங்கள்: நிறமும் மணமும். போனில் பார்த்த படங்களில் எல்லாம் ரோஜா நிறத்தில் இருக்கும். நேரில் சொமெய் யோஷினோ ஏறக்குறைய வெள்ளை. மேகமூட்டமான நாளில் சாம்பல் வெள்ளையாகவே தெரியும். என்னோடு வந்தவர்களில் பாதிப் பேராவது முதல் மரத்தடியில் "இதுவா?" என்று கேட்டிருக்கிறார்கள். அவசரப்படாமல் நீல வானம் பின்னால் வரும் கோணத்தில் நிற்க வையுங்கள், அல்லது சாயங்காலம் விளக்கு போடும் வரை காத்திருங்கள். பூவின் நடுவே சிவப்பு ஏறியிருந்தால் அது உதிரப் போகும் பூ என்று அர்த்தம். கடைசி இரண்டு மூன்று நாளில் மரமே கொஞ்சம் சிவந்து தெரிவது அதனால்தான். மணமோ, மல்லிகைக்குப் பழகிய மூக்குக்கு ஒன்றுமே இல்லை. சகுரா வாசனை என்று கடைகளில் விற்பது பெரும்பாலும் உப்பில் ஊறிய இலையின் வாசனையை ஒட்டியது. அந்த இலையைப் பற்றிச் சாப்பாட்டுப் பகுதியில் சொல்கிறேன்.

சரி, டோக்கியோ. எல்லோரும் சொல்லும் பெயர்கள் உயேனோ, மெகுரோ ஆறு, சிதோரிகாஃபுச்சி, ஷிஞ்சுகு கியோஎன். நான்கும் நல்ல இடங்கள்தான், ஆனால் நான்கையும் காட்டினால் நண்பருக்கு ஜப்பானியர்களின் முதுகுதான் ஞாபகம் இருக்கும். சிதோரிகாஃபுச்சியில் அரண்மனை அகழியை ஒட்டி 700 மீட்டர் நடைபாதை. கிளைகள் தண்ணீரை நோக்கிச் சரிந்து கிடக்கும், கீழே சின்னப் படகுகள். காலை ஏழு மணிக்கு முன்னால் குதான்ஷிதா ஸ்டேஷனில் இறங்கி நடந்துவிடுங்கள். படகுக்கு நிற்க வேண்டாம், வரிசையிலேயே அரை நாள் போய்விடும். அப்படியே பக்கத்தில் யாசுகுனிக்குள் போய் அந்த மாதிரி மரத்தையும் காட்டலாம். போரில் செத்தவர்களுக்கான கோயில் என்பதால் அந்த இடத்துக்கு அரசியல் கனம் உண்டு. பூவைப் போரோடு சேர்த்துப் பாடிய ஒரு காலமும் ஜப்பானுக்கு இருந்தது. நண்பர் கேட்டால் சொல்லுங்கள்.

மெகுரோவை நான் விட்டுவிடுவேன். படத்தில் அழகு, நேரில் தள்ளுமுள்ளு, உட்காரவும் இடம் கிடையாது. ஷிஞ்சுகு கியோஎன் தோட்டம் வேறு கதை: 500 யென் கட்டணம், மது கூடாது, வாசலில் பையைத் திறந்து பார்ப்பார்கள். அதனாலேயே உள்ளே அமைதி. பல ரகங்கள் நட்டிருக்கிறார்கள் என்பதால் சொமெய் யோஷினோ தப்பினாலும் முன்னதாகவோ பின்னதாகவோ பூக்கும் வேறொன்று கையில் கிடைக்கும். என் 2024 நண்பனுக்கு நான் காட்டிய ஒரே பூ இங்கே கிடைத்ததுதான். கூட்டம் மிகும் நாட்களில் முன்பதிவு கேட்பார்கள், முந்தின நாள் அவர்கள் தளத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

எனக்குப் பிடித்த டோக்கியோ நாள் இதையெல்லாம் தொடாத ஒன்று. காலையில் கொமாகொமே ஸ்டேஷனில் இறங்குங்கள். சொமெய் யோஷினோ பிறந்த பேட்டை இதுதான். பக்கத்தில் ரிக்குகிஎன் தோட்டம். அங்கே ஒரு பெரிய தொங்கு சகுரா, அருவி மாதிரி வழியும். அது சொமெய் யோஷினோவுக்குச் சில நாள் முந்தியே பூத்துவிடும் என்பதால் கொஞ்சம் சீக்கிரம் வந்துவிட்டவர்களுக்கு நல்ல காப்பீடு. அங்கிருந்து ஓஜி பக்கம் அசுகாயாமா. பார்த்தால் ஒரு மேடு, அவ்வளவுதான். ஆனால் பொதுஜனம் பூ பார்க்கப் போகும் வழக்கத்துக்கு முக்கியமான இடம். நாட்டை ஆண்ட படைத்தலைவர்களான ஷோகுன்களில் எட்டாமவர் தொகுகாவா யோஷிமுனே 1720-21இல் இங்கே ஆயிரத்துச் சொச்சம் சகுரா நட்டு ஜனங்களுக்குத் திறந்துவிட்டார். உயேனோ அப்போது ஷோகுன் குடும்பத்துக் கோயில் வளாகம். அங்கே ஆட்டம் பாட்டம் கூடாது, இருட்டினால் வெளியே போக வேண்டும். குடித்துக் கூத்தடிக்க விரும்பியவர்கள் அசுகாயாமாவுக்குப் போனார்கள். இன்றைக்கும் அந்த மேட்டில் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள்தான் பாய் விரித்திருக்கும். ஏறக் கஷ்டமாக இருந்தால் ஓஜி ஸ்டேஷன் பக்கத்திலிருந்து இலவசமாக ஒரு குட்டி ரயில்பெட்டி மேலே கொண்டு விடும், குழந்தைகளோடு போட்டி போட்டு நிற்க வேண்டியிருக்கும்.

இறங்கி வந்தால் கீழேயே டிராம். டோக்கியோவில் எஞ்சியிருக்கும் பழைய டிராம் பாதை, இப்போது 'டோக்கியோ சகுரா டிராம்' என்று செல்லப்பெயர் வைத்திருக்கிறார்கள். ஒற்றைப் பெட்டி, வீட்டுக் கொல்லைகளை உரசிக்கொண்டு போகும். ஒமொகாகெபாஷியில் இறங்கினால் கண்டா ஆறு. கான்கிரீட் கரை கட்டிய சாதாரண ஆறு. இரண்டு பக்கமும் சகுரா கவிந்து நிற்கும், அப்படியே கரையோடு எதோகாவாபாஷி வரை நடக்கலாம். மெகுரோவில் பார்க்கக் கிடைப்பது இங்கேயும் கிடைக்கும், தோள் இடிபடாமல். உங்கள் வீட்டுப் பக்கத்துக் கால்வாயிலும் பள்ளிக்கூட வாசலிலும்கூட இதே மரம்தான் நிற்கும். ஏப்ரல் முதல் வாரத்தில் புது முதுகுப்பையோடு ஒன்றாம் வகுப்புப் பிள்ளை அந்தப் பள்ளி வாசலில் நின்று படம் எடுத்துக்கொள்வதை நண்பர் தற்செயலாகப் பார்த்தால் நல்லது. இங்கே பள்ளி ஆண்டும் அலுவலக ஆண்டும் ஏப்ரலில் தொடங்குகின்றன. பிரிவும் புது வேலையும் இந்தப் பூவோடு வந்து சேருவதால்தான் இவர்களுக்கு இது வெறும் பூ இல்லை.

ஒரு நாள் கட்டாயம் ஹனமிக்கு ஒதுக்குங்கள். ஹனமி என்றால் சொல்லுக்குப் 'பூ பார்த்தல்'. நடைமுறையில் மரத்தடியில் பாய் விரித்து உட்கார்ந்து சாப்பிடுவது. 'பூவைவிட உருண்டை மேல்' என்று அவர்களே ஒரு பழமொழி வைத்திருக்கிறார்கள். உருண்டை என்றால் குச்சியில் கோத்த தாங்கோ, அரிசி மாவில் செய்தது. பத்து இடத்துக்கு ஓடுவதைவிட ஓர் இடத்தில் மூன்று மணி நேரம் உட்கார்வது நண்பருக்கு நிற்கும். இதை நான் பல பேரிடம் சோதித்துப் பார்த்துவிட்டேன்.

நல்ல இடத்துக்கு முன்கூட்டியே ஆள் போய்ப் பாய் விரித்து வைக்கும் வழக்கத்துக்கு 'பாஷொ தொரி' என்று பெயர். அலுவலகங்களில் புதிதாகச் சேர்ந்த பையன்தான் விடியற்காலையில் நீலப் பிளாஸ்டிக் ஷீட்டோடு அனுப்பப்படுவான். பஸ் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடித்த நமக்கு இது விளக்கம் தேவையில்லாத கலை. நீங்கள் இருவர்தான் என்றால் அவ்வளவு பாடு வேண்டாம், வார நாளில் பதினோரு மணிக்குப் போனாலும் கிடைக்கும். நூறு யென் கடையில் ஷீட் வாங்கிக்கொள்ளுங்கள். அடியில் போடப் பழைய அட்டைப்பெட்டி ஒன்றைப் பிரித்து எடுத்துப் போங்கள்; மார்ச் கடைசி மண் ஈரமும் குளிருமாக இருக்கும், ஷீட் மட்டும் தாங்காது. ஷீட்டில் ஏறும்முன் செருப்பைக் கழற்ற வேண்டும், அது நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. மரத்தின் வேருக்கு மேல் விரிக்காதீர்கள், கிளையை வளைத்துப் படம் எடுக்காதீர்கள், பூ மழை வேண்டும் என்று யாராவது மரத்தை உலுக்கினால் கூட வந்த நீங்கள்தான் தலைகுனிய வேண்டும். குப்பைப் பை இரண்டு எடுத்துப் போய் எல்லாவற்றையும் வீட்டுக்கே கொண்டு வந்துவிடுங்கள். 1995இல் டோக்கியோ சுரங்க ரயிலில் சரின் விஷவாயுத் தாக்குதல் நடந்த பிறகு பொது இடங்களில் குப்பைத்தொட்டிகள் மிகவும் குறைந்துவிட்டன.

குளிரை நண்பர் குறைத்து எடை போடுவார், எல்லோரும் போடுவார்கள். பூ என்றாலே வெயில் காலம் என்று நமக்கு நினைப்பு. பகலில் 15 டிகிரி, சூரியன் இறங்கினால் ஒற்றை இலக்கம். பூக்கும் சமயம் திரும்ப வரும் குளிருக்கு 'ஹனபியெ', பூக்குளிர் என்றே ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். கம்பளிச் சட்டை, ஒரு மெல்லிய பஃபர் ஜாக்கெட், மருந்துக்கடையில் விற்கும் ஒட்டிக்கொள்ளும் சூட்டுப் பைகள் (கைரோ என்று கேளுங்கள்) இருந்தால் ராத்திரி சகுராவையும் நிம்மதியாகப் பார்க்கலாம். அப்புறம் தும்மல். போருக்குப் பின் மலைகளில் நட்டுத் தள்ளிய சுகி என்ற ஊசியிலை மரங்களின் மகரந்தம் இதே பருவத்தில்தான் பறக்கும். தெருவில் பாதிப் பேர் முகக்கவசத்தோடு போவது அதனால்தான். முதல்முறை வருபவருக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது.

இப்போது சாப்பாடு. ஜப்பானில் சைவத்தின் எதிரி கறி இல்லை, 'தாஷி'. காய்ந்த கத்சுவோ மீனைச் சீவிக் கொதிக்க வைத்த சாறு. மிசோ சூப், நூடுல்ஸ் குழம்பு, வேகவைத்த காய்கறி, பொரித்த டோஃபுவின் மேல் ஊற்றும் சாறு, இனிப்பாக இருக்கும் இனாரி சுஷியின் பை, எல்லாவற்றிலும் இருக்கும். "மீன் இல்லைதானே?" என்று கேட்டால் கடைக்காரர் மனதார "இல்லை" என்பார், சாற்றில் இருப்பதை அவர் மீனாகவே எண்ணுவதில்லை. அதனால் தாஷி என்ற சொல்லைச் சொல்லியே கேளுங்கள். கொன்பினி எனப்படும் சிறு அங்காடிகளில் விற்கும் சோற்று உருண்டையான ஒனிகிரியில், உமெபோஷி ஊறுகாய் வைத்தது, 'கொம்பு' என்ற கடற்பாசி வைத்தது போன்ற வகைகள் ஓரளவு பரவாயில்லை, ஆனால் அவற்றிலும் கத்சுவோ சாறு சேர்க்கும் கம்பெனிகள் உண்டு. பின்னால் ஒட்டிய பட்டியலைப் போன் கேமராவில் மொழிபெயர்த்துப் பாருங்கள். கொஞ்சம் கறாரான சைவம் என்றால் ஹனமிக்குப் புளியோதரை கட்டிக்கொண்டு போவதே உத்தமம். ஆறினாலும் ருசி, கை கழுவ ஈரத்தாள் போதும். பக்கத்துப் பாய்க்காரர் எட்டிப் பார்த்தால் ஒரு கரண்டி கொடுங்கள், பதிலுக்கு ஸ்ட்ராபெரி வரும். ஏக்கம் அதிகமானால் டோக்கியோவின் நிஷிகசாயில் இந்தியக் குடும்பங்கள் நிறைய, தோசை கிடைக்கும்.

நண்பர் கவலையின்றிச் சாப்பிடக்கூடியது இனிப்புகள். மூன்று நிறத் தாங்கோ, சகுராமோச்சி. சகுராமோச்சியில் இரண்டு கட்சி: டோக்கியோ பக்கம் மெல்லிய மாவு அடையில் பயறு பூரணம் வைத்துச் சுருட்டுவது, கியோட்டோ, ஒசாகா பக்கம் அரிசி குருணை தெரியும்படி பிடித்த உருண்டை. இரண்டையும் உப்பில் ஊறிய சகுரா இலையில் சுற்றியிருப்பார்கள். நான் முதலில் சொன்ன வாசனை இந்த இலையில்தான் இருக்கிறது. பச்சை இலையில் வராது, உப்பில் ஊறினால்தான் வரும். இலையோடு சாப்பிடுவதா, உரித்துவிட்டா என்பதில் ஜப்பானியர்களுக்குள்ளேயே சண்டை உண்டு. நான் இலையோடு. இனிப்போடு அந்த உவர்ப்பு சேர்வதுதான் விஷயமே.

கியோட்டோவுக்கு மூன்று ராத்திரி. ஹோட்டல் விலை இந்தப் பருவத்தில் கண்ணைக் கட்டும். பையிலிருந்து பணம் போக வேண்டாம் என்றால் ஒட்சுவில் தங்குங்கள். ரயிலில் பத்து நிமிடம்தான், பிவா ஏரி கூடுதல் லாபம். வெளிநாட்டுப் பயணிகளுக்கான ஏழு நாள் ரயில் சீட்டான ஜேஆர் பாஸை வாங்குவதைப் பற்றி யாராவது சொன்னால் கேட்காதீர்கள். 2023 அக்டோபரில் 29,650 யென்னிலிருந்து 50,000 ஆக ஏறிவிட்டது. டோக்கியோ கியோட்டோ போய்வர ஏறக்குறைய 28,000 யென்தான். கியோட்டோ போகும்போது வலது பக்க ஜன்னல், சாதாரணப் பெட்டியில் E இருக்கை வாங்கிக் கொடுங்கள். கிளம்பி முக்கால் மணி நேரத்தில் ஃபூஜி. பெரிய சூட்கேஸை முந்தின நாளே கொன்பினியில் கொடுத்தால் மறுநாள் ஹோட்டலுக்கு வந்து சேரும்.

ஊருக்குள் பஸ் வேண்டாம். விடிந்ததும் சுரங்க ரயிலில் கெஅகெ போய் இறங்குங்கள். அங்கே புல்லுக்கு நடுவே பழைய தண்டவாளம், இருபுறமும் சகுரா. பிவா ஏரிக் கால்வாயில் வந்த படகுகளை மேடு ஏற்றி இறக்கப் போட்ட 582 மீட்டர் பாதை அது, 1948 வரை ஓடியது. கதவு பூட்டு எதுவும் கிடையாது, கட்டணமும் இல்லை. ஆறரைக்குப் போனால் கல்யாணப் படம் எடுக்கும் ஒன்றிரண்டு ஜோடிகள்தான் போட்டி. அங்கிருந்து நான்சென்ஜி கோயில் வழியாகத் தத்துவஞானியின் பாதை. கியோட்டோ பல்கலைக்கழகத்துத் தத்துவப் பேராசிரியர் நிஷிதா கிதாரோ யோசித்தபடி நடந்த பாதை என்று பெயர் வந்தது. ஓவியர் ஹாஷிமோதோ கான்செத்சு குடும்பம் 1920களின் தொடக்கத்தில் கன்று கொடுத்து நட்டதால் அந்த மரங்களுக்கு 'கான்செத்சு சகுரா' என்றே பெயர். இரண்டு கிலோமீட்டர் நடந்து முடிக்கும்போது கின்காகுஜி (Ginkakuji, வெள்ளி மண்டபக் கோயில்; பொன் மண்டபமான Kinkakuji வேறு) திறந்திருக்கும். எட்டரைக்கு அது. பத்து மணிக்குக் கூட்டம் வந்து இறங்கும்போது நீங்கள் கிளம்பிவிட வேண்டும். மதியம் நான்சென்ஜி பக்கம் யுதோஃபு, வெந்நீரில் கொம்புப் பாசி போட்டுச் சூடாக்கிய டோஃபு. பானை சைவம், தொட்டுக்கொள்ளும் சாறில்தான் தாஷி வரும். அதை மட்டும் மாற்றச் சொல்லுங்கள்.

ஒரு சாயங்காலம் தோஜி கோயிலுக்கு. 55 மீட்டர் ஐந்தடுக்கு கோபுரம், ஜப்பானிலேயே உயரமான மரக் கோபுரம் அது, அதன் முன்னால் ஒரு தொங்கு சகுரா, இரண்டுக்கும் விளக்கு. வரலாற்றுப் பைத்தியம் என்றால் தாய்கோஜி கோயிலுக்குக் கூட்டிப் போங்கள். ஜப்பானை ஒன்றிணைத்து ஆண்ட தொயொதொமி ஹிதெயோஷி 1598 வசந்தத்தில் சுமார் 1,300 பேரைக் கூட்டி இங்கே ஹனமி நடத்தினார், பெரும்பாலும் பெண்கள். அதற்காகவே நூற்றுக்கணக்கான மரங்களைப் பெயர்த்துக் கொண்டுவந்து நட்டார். அந்த இலையுதிர்காலத்தைத் தாண்டவில்லை மனிதர். ஆடல் பாடல் கலைஞர்களான கெய்ஷாக்களின் பேட்டையான கியோன் பக்கம் போனால் சந்துகளுக்குள் நுழையாதீர்கள். தனியார் சந்துகளில் நுழைந்தால் 10,000 யென் என்று பலகை வைத்திருக்கிறார்கள், கெய்ஷாக்களை வழிமறித்துப் படம் எடுத்தவர்களின் புண்ணியம்.

ஃபூஜியும் சகுராவும் கோபுரமும் ஒரே படத்தில் இருக்கும் அந்தப் பிரபலக் காட்சி ஃபூஜியோஷிதாவில், 398 படி ஏறி. மலையடிவாரம் உயரமான இடம் என்பதால் அங்கே பூப்பது ஏப்ரல் நடுவில். மார்ச் கடைசியில் போனால் மொட்டுதான். அதை வெளிப்படையாக நண்பரிடம் சொல்லிவிடுங்கள். கூட்டத்தால் அந்த ஊர்க்காரர்கள் நொந்து போயும் இருக்கிறார்கள். ஃபூஜியை ரயில் ஜன்னலில் பார்ப்பதோடு விடலாம், அல்லது பூவை மறந்துவிட்டு மலைக்காக மட்டும் கவகுச்சி ஏரிக்கு ஒரு நாள் போய்வரலாம்.

பூ நேரத்துக்கு வராவிட்டால்? சீக்கிரம் முடிந்துவிட்டது என்றால் வடக்கே ஏறுங்கள். செந்தாய் நகருக்கு ஷின்கான்சென் அதிவேக ரயிலில் ஒன்றரை மணி நேரம், அங்கே சராசரியாக ஏப்ரல் 8இல்தான் மலரும். கியோட்டோவில் தாமதமாகப் பூப்பவை உண்டு: ஹெயான் கோயில் தோட்டத்துச் சிவப்புத் தொங்கு சகுரா, நின்னாஜி கோயிலின் குட்டை மரமான ஒமுரோ சகுரா. நண்பர் தேடிய அந்த ரோஜா நிறம் ஹெயானில்தான் இருக்கிறது. நாரா பக்கத்து யோஷினோ மலையில் சுமார் 30,000 மரம், பெரும்பாலும் காட்டுச் சகுரா. அடிவாரத்தில் உதிரும்போது மேலே மலர்ந்துகொண்டிருக்கும், ஏறிக்கொண்டே போகலாம். தாமதம் என்றால் ரிக்குகிஎன், ஷிஞ்சுகு கியோஎன், கியோட்டோ அரண்மனைப் பூங்காவின் வடக்கில் கொனொஎ மாளிகை இருந்த இடத்துத் தொங்கு சகுரா. இந்த மூன்றும் என்னைக் காப்பாற்றியிருக்கின்றன.

கடைசி நாள் விமானம் நரிதாவிலிருந்து சாயங்காலம் என்றால் காலையை யானகா கல்லறைத் தோட்டத்துக்கு வையுங்கள். நிப்போரி ஸ்டேஷன் லாக்கரில் பெட்டியைப் போட்டுவிட்டுப் பின்வாசலில் ஏறினால் ஐந்து நிமிடம். கல்லறையா என்று நண்பர் தயங்குவார். நடுவில் போகும் சாலை முழுக்கச் சகுரா கூரை, பூனைகள் வெயில் காயும், கடைசி ஷோகுன் யோஷினொபுவின் சமாதியும் அங்கேதான். அந்தச் சமயம் உதிரத் தொடங்கியிருந்தால் ஒரு காற்றுக்குத் தெருவே வெள்ளையாகும். உதிரும் பூவுக்கு 'ஹனஃபுபுகி', பூப்பனிப்புயல் என்று பெயர். அதையும் பார்க்காமல் அனுப்பாதீர்கள். அரை மணி நேரம் சும்மா நடந்துவிட்டு வந்தால் நிப்போரியிலிருந்து ஸ்கைலைனர் ரயில் நாற்பது நிமிடத்துக்குள் நரிதாவில் விட்டுவிடும். சட்டையில் ஒட்டிய இதழ்களை ரயில் ஏறும்முன் தட்டிவிடச் சொல்லாதீர்கள்.